பழைய கடைத்தெருவுக்குள் சரக்கு: கடைசி இரண்டு கிலோமீட்டரின் கணக்கு

சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கட்டிய பிஸ்கட் பெட்டி நாகர்கோவிலுக்கு வந்து சேர ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்த 700-இல் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. லாரி நிறைய லோடு, ராத்திரி ஓட்டம், நாலுவழிச் சாலை. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி ஊர் எல்லைக்கு வரும்வரை எல்லாம் சரிதான். அங்கிருந்து கோட்டாறு கடைத்தெருவில் இருக்கும் ஒரு மளிகைக் கடைக்குள் அந்தப் பெட்டி போய்ச் சேர வேண்டிய கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் நேரம், டீசல், பொறுமை மூன்றும் கரைகின்றன.

சரக்குப் போக்குவரத்துத் துறையில் இந்தத் துண்டைக் 'கடைசி மைல்' என்பார்கள். தூரத்தில் சின்னது, ஒரு பெட்டிக்கு ஆகும் செலவில் பெரியது. உலகத்தில் பல பழைய நகரங்கள் இந்தக் கடைசி மைலோடு போராடிக்கொண்டிருக்கின்றன. 'நீடித்த நகரச் சரக்கு விநியோகம்' என்று இன்று பேசப்படுவது அந்தப் போராட்டத்திலிருந்து வந்த அனுபவங்களின் தொகுப்புதான். எளிமையாகச் சொன்னால், கடைகளுக்கு வேண்டிய சரக்கு குறையாமல், நேரத்துக்கு வர வேண்டும். அதே சமயம் தெருவில் புகையும் இரைச்சலும் நெரிசலும் குறைய வேண்டும், பழைய கட்டடங்களுக்கும் தெருவுக்கும் சேதம் வரக் கூடாது. இதற்கெல்லாம் ஆகும் செலவு வியாபாரியும் சுமைத் தொழிலாளியும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்தால் திட்டம் நிற்காது.

பழைய ஊர் என்றால் ஏன் தனிக் கவனம்? நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பாருங்கள். பத்மநாபபுரம் கோட்டைக்குள் அரண்மனை, நீலகண்டசுவாமி கோயில், வீடுகள், கடைகள் எல்லாம் இருக்கின்றன. சுற்றிலும் கருங்கல் மதில். கோட்டை வாசலை அகலப்படுத்த முடியாது, படுத்தவும் கூடாது. சுசீந்திரத்தில் ரத வீதிகள் தேர் ஓடுவதற்காக அகலமாகவே போடப்பட்டவை. ஆனால் அவற்றிலிருந்து பிரியும் சந்துகள் நடப்பவர்களுக்கும் மாட்டு வண்டிக்கும் போடப்பட்டவை. கோட்டாறு நூற்றாண்டுகளாகச் சந்தை நடந்த ஊர். கம்போளம் என்கிற சந்தைப் பகுதிக் கடைகளுக்கு அரிசி மூட்டையும் வத்தல் மூட்டையும் கருப்பட்டிச் சிப்பமும் அன்று மாட்டு வண்டியில் வந்தன. இன்று அதே தெருவுக்கு லாரியும் டெம்போவும் குட்டியானையும் வருகின்றன. இரண்டு குட்டியானைகள் எதிரெதிரே வந்து, ஓரத்தில் நாலு பைக்கும் நின்றால் முடிந்தது கதை. புதிய நகரத்தில் சாலையை அகலப்படுத்தலாம் என்ற பேச்சாவது எடுபடும். இங்கே அகலப்படுத்துவது என்றால் தெருவையே அழிப்பது. எனவே தெருவை அப்படியே வைத்துக்கொண்டு, சரக்கு வரும் முறையை மாற்றுவது ஒன்றே வழி.

சரக்கு வரும் முறையை மாற்றுவது என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது பேட்டரி வண்டி. டீசல் வண்டிக்குப் பதில் பேட்டரி வண்டி ஓடினால் புகை போகும், சத்தம் குறையும். நல்லதுதான். ஆனால் இந்த விஷயத்தில் புதிதாக நுழைபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது வேறு: பத்து டீசல் வண்டி அடைத்துக்கொண்டு நின்ற தெருவில் பத்து பேட்டரி வண்டி நின்றாலும் அடைப்பு அதேதான். தெருவின் பிரச்சினை இன்ஜினில் பாதி. மீதிப் பாதி, வண்டிக்குள் எவ்வளவு லோடு இருக்கிறது, அது எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையில் அதையே விரிவாக எழுதுகிறேன்.

கடைத்தெருவில் காலை ஒன்பது மணிக்கு நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒரு சோடா கம்பெனி டெம்போ வந்து நிற்கிறது. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறக்கிறார். பையன் இரண்டு கிரேட்டைத் தோளில் ஏற்றிக் கடைக்குள் போகிறான். கடைக்காரர் வேறொரு வாடிக்கையாளருக்கு மிளகு நிறுத்துக்கொண்டிருக்கிறார். முடித்துவிட்டு வந்து எண்ணிப் பார்க்கிறார், பழைய பில்லை எடுக்கிறார், காலிப் பாட்டிலைக் கணக்குப் பார்க்கிறார். அதற்குள் பின்னால் வந்த வண்டி ஆரன் அடிக்கிறது. டெம்போ நகர்ந்து பத்துக் கடை தள்ளி மறுபடி நிற்கிறது. அடுத்த கால் மணி நேரத்தில் அதே கடைக்கு சோப்பு வண்டி வருகிறது. அப்புறம் பிஸ்கட் வண்டி. ஒவ்வொரு வண்டியிலும் பாதிக்கு மேல் காலி. ஒவ்வொன்றும் அதே கடை முன்னால், அதே வேலைக்காக, தனித்தனியாக நிற்கிறது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். கற்பனைத் தெரு ஒன்று, அதில் 30 கடைகள். ஒரு காலையில் 15 விநியோக வண்டிகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 6 கடைகளில் நிற்கிறது, நிற்கும் நேரம் 8 நிமிடம் என்று வைப்போம். மொத்தம் 90 நிறுத்தம், 720 நிமிடம். அதாவது எல்லா வண்டிகளும் நின்ற நேரத்தைக் கூட்டினால், ஒரே காலையில் 12 மணி நேரத்துக்குத் தெருவில் இடம் பிடிக்கப்படுகிறது. இப்போது இந்த 15 வண்டிச் சரக்கையும் ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் இறக்கி, கடைவாரியாகப் பிரித்து, நாலு வண்டியில் அனுப்பினால்? ஒவ்வொரு கடைக்கும் மூன்று கம்பெனிச் சரக்கு ஒரே தடவையில் போகும். மொத்தம் 30 நிறுத்தம். சரக்கு கூடுதல் என்பதால் 12 நிமிடம் என்றே வைத்தாலும் 360 நிமிடம்தான். நேரத்தில் பாதி மிச்சம், வண்டிகளில் பதினொன்று தெருவுக்குள்ளேயே வரவில்லை. இன்னும் ஒரு பேட்டரி வண்டிகூட வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரே கல்யாணத்துக்குப் பதினைந்து பேர் பதினைந்து காரில் போவதற்கும் ஒரு வேனில் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இப்படிச் சரக்கைச் சேர்த்துப் பிரிக்கும் இடத்தைச் சரக்குச் சேர்ப்பு மையம் என்று சொல்லலாம். யோசனை புதியது அல்ல. நம் லாரி பார்சல் ஆபீஸ்கள் ஊருக்கு ஊர் செய்வது இதைத்தான்: பல பேருடைய சாமான், ஒரே லாரி. மும்பை டப்பாவாலாக்கள் 1890 முதல் செய்துவருவதும் இதுவே. வீடு வீடாகச் சாப்பாட்டு டப்பாவைச் சேர்த்து, குறியீடு பார்த்துப் பிரித்து, மின்சார ரயிலில் மொத்தமாக ஏற்றி, இறங்கும் ஸ்டேஷனில் மறுபடி பிரித்து, சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் அலுவலகங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். நீண்ட தூரத்துக்குப் பெரிய வாகனம், கடைசித் துண்டுக்குச் சின்ன வாகனம், நடுவில் ஒழுங்காகப் பிரிக்கும் இடம். பாடம் முழுவதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இத்தாலியின் படுவா நகரம் பழைய ஊர். அங்கே 2004-இல் சிட்டிபோர்ட்டோ என்ற சேவை தொடங்கியது. ஊருக்கு வெளியே கிடங்கு. அங்கிருந்து மாசு குறைந்த சின்ன வண்டிகள் நடுநகருக்குப் போகும். நகரத்தின் பழைய பகுதிக்குள் மற்ற சரக்கு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. இந்த வண்டிகளுக்கு அது தளர்வு. பஸ்களுக்கென்று ஒதுக்கிய பாதையிலும் போகலாம். தனியாக வண்டி அனுப்பினால் காத்துக் கிடக்க வேண்டும், சேர்த்து அனுப்பினால் நேரே போகலாம் என்றானபோது கம்பெனிகளே சேர்ந்து அனுப்புவதற்குக் காரணம் கிடைத்தது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 2008-இல் தொடங்கிய சேவை வேறு கோணத்தில் யோசித்தது. சரக்கு அனுப்புகிறவரிடம் போகாமல், வாங்குகிற கடைக்காரரிடம் போனார்கள். "உங்கள் கடை முகவரிக்குப் பதிலாக எங்கள் கிடங்கு முகவரியைக் கம்பெனிகளுக்குக் கொடுங்கள். வருகிறதை நாங்கள் வாங்கி வைத்து, உங்களுக்கு வசதியான நேரத்தில் ஒரே தடவையில் கொண்டுவருகிறோம். காலி அட்டைப்பெட்டியையும் நாங்களே எடுத்துப் போகிறோம்" என்பதுதான் பேச்சு. கடைத்தெருவில் கடை நடத்துகிற யாருக்கும் இதன் அருமை புரியும். நெருக்கடியான வியாபார நேரத்தில் நாலு தடவை கல்லாவை விட்டு எழுந்து சரக்கு எண்ண வேண்டாம். கடைக்குள் குடோனுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை விற்பனைக்குப் பயன்படுத்தலாம்.

எல்லா இடத்திலும் இது வெற்றி என்று சொல்லிவிட்டால் அது உண்மை ஆகாது. 1990-களில் ஜெர்மனியில் பல நகரங்கள் இப்படி மையங்கள் தொடங்கின, பெரும்பாலானவை மூடப்பட்டன. காரணம் எளிது. சரக்கை ஒருமுறை கூடுதலாக இறக்கி ஏற்ற வேண்டும். அதற்குக் கூலி, கிடங்கு வாடகை. மிச்சமாவது தெருவில் நடப்பவர்களின் நேரமும் காற்றும், செலவு செய்வது வியாபாரி. அரசு மானியம் நின்றதும் மையம் நின்றது. அதனால், யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் வேண்டும். என் கருத்தில் பதில் நைமேகன் வழியில்தான் இருக்கிறது: கடைக்காரருக்குக் கிடங்கு வசதி, காலிப் பெட்டி எடுத்துப் போவது, வீட்டுக்கு டெலிவரி என்று கண்ணுக்குத் தெரியும் பலனைக் கொடுத்தால் அவர் ஒரு சிறு கட்டணம் கொடுப்பார். காற்று சுத்தமாகும் என்பதற்காக மட்டும் கொடுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எப்போது வருவது, எங்கே நிறுத்துவது

வண்டிகளுக்கு நேரம் வகுப்பது உலகத்தின் மிகப் பழைய வழி. கி.மு. 45 வாக்கில் ஜூலியஸ் சீசர் காலத்து ரோமாபுரியில், சரக்கு வண்டிகள் பகலின் பெரும்பகுதி நகருக்குள் வரக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கோயில் கட்டுமானத்துக்குச் செல்லும் வண்டிகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பகலில் நெரிசல் குறைந்தது. ராத்திரி வண்டிச் சத்தத்தில் தூக்கம் போனது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கிறது. 2009, 2010 வாக்கில் நியூயார்க்கில் மாலை, இரவு நேர விநியோகத்தைச் சோதித்தபோது வண்டிகள் வேகமாகப் போயின, நோ பார்க்கிங் அபராதமும் குறைந்தது. ஆனால் சத்தமில்லாத தள்ளுவண்டி, ஆள் இல்லாமல் சரக்கை வைத்துப் போக நம்பிக்கையான ஏற்பாடு எல்லாம் தேவைப்பட்டன. கடைக்கு மேலேயே குடும்பம் குடியிருக்கும் நம் தெருக்களில் நள்ளிரவு லோடு சரிப்படாது. அதிகாலை சரிப்படும். பால், மீன், பூ, காய்கறி எல்லாம் ஏற்கெனவே அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. தோவாளை பூச்சந்தை விடியும் முன்பே விழித்துவிடும்.

டெல்லி சாந்தினி சவுக்கைச் சீரமைத்து 2021-இல் திறந்தபோது, செங்கோட்டை முதல் ஃபதேபுரி மசூதி வரையிலான முக்கியச் சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனம் கூடாது என்று வைத்தார்கள். சரக்கு அதற்கு முன்போ பின்போ வர வேண்டும். தெரு மூச்சுவிட்டது. கண்காணிப்பு தளர்ந்தபோது மோட்டார் வண்டிகள் மறுபடி நுழைந்தன. போர்டு வைத்தால் போதாது, ஆள் வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

நமக்கு டெல்லி வரை போகவும் வேண்டாம். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் நடக்கும்போது ரத வீதியில் எந்த லோடு வண்டி நிற்கிறது? கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நாட்களில், டிசம்பர் 3-ஐ ஒட்டித் தேர்ப்பவனி வரும்போது? வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்கள். அதற்காகக் கடைகளில் சரக்கு தீர்ந்துபோவதில்லை, வியாபாரமோ மற்ற நாளைவிடக் கூடுதல். திருவிழா வருகிறது என்று தெரிந்து எல்லோரும் முன்கூட்டியே லோடு இறக்கிக்கொள்கிறார்கள். நேரக் கட்டுப்பாடு என்பது நம் வியாபாரிகளுக்குத் தெரியாத வித்தை இல்லை. அதைத் திருவிழாவுக்கு மட்டும் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இடம் என்று வரும்போது நம் நாட்டுப் பழைய சாலைகள் எனக்கு வியப்பைத் தருகின்றன. சந்தைக்குப் போகும் வழிகளில் சுமைதாங்கிக் கல் நட்டிருந்தார்கள். இரண்டு நிமிர்ந்த கல், மேலே ஒரு படுக்கைக் கல். தலைச்சுமையோடு வருபவர் இன்னொருவர் கைபிடிக்காமலேயே சுமையை அதில் வைத்து ஆறிவிட்டு, தானாகவே மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளும் உயரம். கர்ப்பிணியாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கமும் இருந்தது. சரக்கு சுமப்பவருக்கு நிற்க ஓர் இடம் வேண்டும் என்று அன்று சாலை போட்டவர்கள் யோசித்தார்கள். இன்று நாம் போடும் சாலைகளில் நடைபாதை விடுகிறோம், பார்க்கிங் கோடு போடுகிறோம், லோடு இறக்க ஓர் அடி இடம் விடுவதில்லை. அதனால்தான் டெம்போக்காரர் நடுரோட்டில் நிறுத்துகிறார். அவர் வேறு எங்கே நிறுத்துவார்?

இதற்கு நகரங்கள் கண்ட வழி, லோடு இறக்குவதற்கென்றே கோடு போட்ட இடம். நூறு நூற்றைம்பது மீட்டருக்கு ஒன்று இருந்தால் போதும். அங்கே 20 அல்லது 30 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது, கார் நிறுத்தவே கூடாது. அங்கிருந்து கடைவரை கைவண்டி. ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஒரே சாலையோரத்தை நேரத்துக்கு நேரம் மாற்றிப் பயன்படுத்தும் பாதைகள் உண்டு: போக்குவரத்து மிகுந்த நேரத்தில் வாகனங்களுக்கு, பகலில் லோடு இறக்க, இரவில் குடியிருப்போர் வண்டி நிறுத்த. இடம் இல்லாத ஊருக்கு மிகப் பொருத்தமான யோசனை. பெயிண்டும் போர்டும் மட்டும்தான் செலவு. உடனே ஒன்றைத் தொடங்கச் சொன்னால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எந்த வண்டி

சரக்கைச் சேர்த்து, நேரமும் இடமும் வகுத்த பிறகு வண்டியைப் பற்றிப் பேசலாம். பேட்டரி லோடு ஆட்டோ சுமார் 500 கிலோ ஏற்றும். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் ஆறேழு கிலோமீட்டருக்குள், கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். நம் ஊர்களின் தூரத்துக்கு ஒரு சார்ஜ் தாராளம். நின்று நின்று போகும் ஓட்டத்தில் டீசல் இன்ஜின் வீணாக எரியும், பேட்டரி வண்டி நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். ஆகவே கடைத்தெரு ஓட்டம் அதற்காகவே செய்ததுபோல் பொருந்தும். சார்ஜ் போடும் மின்சாரம் எங்கிருந்து என்று கேட்பதும் நியாயம். முப்பந்தல் காற்றாலைகள் இதே மாவட்ட எல்லையில் சுற்றுகின்றன என்றாலும் அந்த மின்சாரம் பொது மின்கட்டமைப்பில் நிலக்கரி மின்சாரத்தோடு கலந்தே வருகிறது. புகை முழுவதும் ஒழிந்தது என்று சொல்ல முடியாது. கடைத்தெருவில் நிற்பவர் மூக்கிலிருந்து விலகியது என்று சொல்லலாம்.

மோட்டார் உதவியுள்ள சரக்கு சைக்கிள்கள் ஐரோப்பாவில் நிறைய ஓடுகின்றன. மேடு பள்ளமான நம் ஊரில் மிதித்தே ஓட்டுவது கொடுமை. மோட்டார் இருந்தால் சந்துகளுக்கு அதைவிட நல்ல வண்டி இல்லை. நீர்வழியும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கால்வாய்க் கரையோர உணவகங்களுக்கு பீர் பீப்பாயும் உணவுப் பொருளும் படகில் போகின்றன. இப்போது ஓடுவது மின்படகு. அதைப் படிக்கும்போது நம் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் நினைவுக்கு வந்து மனம் கனக்கிறது. 1860-இல் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீரால் இணைக்கத் தொடங்கிய வேலை, முழுதாக முடியாமலே நின்றது. வெட்டிய பகுதியும் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. அது கோட்டாறு கடைத்தெருவுக்கு உதவாது. கடலோர ஊர்களுக்கு உதவியிருக்கும்.

ஆன்லைன் பார்சல் தனிக் கதை. வீட்டில் ஆள் இல்லை என்றால் அதே வண்டி மறுநாளும் வரும். "முக்கு கடையில குடுத்துடுங்க அண்ணே" என்று போனில் சொல்கிறோமே, அதையே முறையாக்கி, கடைக்காரருக்குப் பார்சலுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அதுதான் மற்ற நாடுகளில் நடக்கும் பார்சல் எடுப்பு மையம்.

சுமைத் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தலையில் சும்மாடு கட்டி ஐம்பது கிலோ மூட்டையைச் சுமந்து கடைக்குள் அடுக்குகிறவர்கள் அவர்கள். சேர்ப்பு மையம் என்றதும் தங்கள் வேலை போய்விடும் என்று அவர்கள் பயப்பட்டால் அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. உண்மையில் மையத்தில் இறக்கி ஏற்றும் வேலை கூடும். எந்தக் கடைக்கு எது, எந்தச் சந்தில் எந்த வண்டி நுழையும் என்ற அறிவும் அவர்களிடம்தான் இருக்கிறது. தள்ளுவண்டியும் லிஃப்ட் வைத்த வண்டியும் வந்தால் முதுகும் கழுத்தும் தப்பும். ஆனால் கூலியும் வேலை உத்தரவாதமும் அவர்கள் சங்கங்களோடு முதலிலேயே பேசித் தீர்த்திருக்க வேண்டும். திட்டம் போட்டு முடித்துவிட்டுப் பிறகு அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னால் முதல் நாளே நின்றுவிடும், நிற்பதும் நியாயமே.

கோட்டாறில் தொடங்குவதென்றால் பெரிய கிடங்கும் புது வண்டியும் தேவையில்லை. வியாபாரிகளும் மாநகராட்சியும் சேர்ந்து ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் வண்டிகளை எண்ணலாம்: எத்தனை வந்தன, எவ்வளவு நேரம் நின்றன, எத்தனை பாதி காலியாக வந்தன. கல்லூரி மாணவர்கள் நோட்டும் பேனாவும் வைத்தே இதைச் செய்துவிடுவார்கள். பிறகு லோடு இறக்க இரண்டு மூன்று இடங்களில் கோடு. அப்புறம் காலை எட்டரைக்குள் பெரிய வண்டி வேலையை முடிப்பது. ஒழுகினசேரி அப்டா மார்க்கெட் போல ஊர் விளிம்பில் ஏற்கெனவே லாரி வந்து போகும் இடத்தை ஒட்டி, பத்துப் பதினைந்து கடைகள் மட்டும் சேர்ந்து பொதுவாக ஓர் அறை பிடித்து, தங்கள் சரக்கை அங்கே இறக்கச் சொல்லி, ஒரே லோடு ஆட்டோவில் கொண்டுவந்து பார்க்கலாம். மூன்று மாதத்தில் கணக்கு வந்துவிடும். கட்டுப்படியானால் அடுத்த பத்துக் கடைகள் தாமாகவே வந்து கேட்கும். கட்டுப்படியாகாவிட்டால் எந்தச் செலவு இடித்தது என்பது அந்தக் கணக்கு நோட்டிலேயே எழுதியிருக்கும்.